ஊசி படாத ஒட்டு

கால்சட்டையின் பக்கத் தையலைத் தொடையிலிருந்து கீழாகப் பிரித்துக்கொண்டிருந்தாள் தையல்காரம்மா. கட்டிலில் கிடந்த கணவரின் இடது கால் அப்படி வீங்கியிருந்தது, பிரிக்காமல் மாட்ட முடியாது. அமரர் ஊர்தி வர இன்னும் பத்து நிமிடம். ஆயிரம் தையல் பிரித்த கைக்கு இன்று நூல்முனை அகப்படவில்லை.

"குடுங்க அண்ணி, நான் பிரிக்கிறேன்" என்றாள் அவருடைய தங்கை.

"வேணாம். நான் தச்சது."

நாத்தனார் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "லேசர் வைக்கச் சொன்னது அந்த டாக்டர்தானே? அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது அண்ணி."

போன வாரம் அந்த டாக்டர் காகிதத்தில் படம் போட்டே காட்டினார். தொடையில் அடைப்பு, அதைச் சுற்றி வேறொரு ரத்தக்குழாயை இணைக்க வேண்டும். தைக்கலாம், இல்லையென்றால் லேசரால் சூடாக்கி ஒட்டலாம். ஒட்டுவது புதுசு, கொஞ்சம் பேருக்குத்தான் செய்திருக்கிறோம் என்பதையும் மறைக்கவில்லை. முடிவை அவர்களிடமே விட்டார்.

"இருபது வருஷமா தையல்லதான் சோறு திங்கிறோம். தையலே போதுமே" என்றார் கணவர்.

"உங்களுக்கு என்ன தெரியும்? ஊசி குத்துன இடமெல்லாம் ஓட்டை. மெல்லிசு துணின்னா அந்த வரிசையிலதான் கிழியும். ஒட்டுனா ஓட்டையே கிடையாது."

"தையல்காரம்மா சொன்னா அப்பீல் ஏது?" சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அறுவை முடிந்த நான்காம் நாள் ஒட்டு விட்டுவிட்டது. வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை, எல்லாம் உள்ளேயே போனது. தையல் போட்டிருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். ஆகியிருக்கலாம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் தூங்க முடியும்? துணி வேறு, சதை வேறு என்று இந்தப் பாழாய்ப்போன புத்திக்கு ஏன் உறைக்காமல் போனது?

"சொல்லுங்க அண்ணி. டாக்டர்தானே?"

ஆமாம் என்றால் போதும். பழி அந்த மனிதர் தலையில் விழும். இந்த வீட்டில் அவளோடு அழ ஒரு ஆள் மிச்சமிருக்கும்.

"இல்ல. நான்தான் சொன்னேன். உங்கண்ணன் தையலே போதும்னுதான் சொன்னார்."

முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு நாத்தனார் எழுந்து, கட்டிலைச் சுற்றிப் போய், அண்ணனுக்கு அந்தப் பக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.