செசிலி மைனியின் குணுக்கு

செசிலி மைனியின் காதில் குணுக்கு ஏறி நான் பார்த்ததில்லை. இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டத்தில் தோற்றவர் காதில் தொங்கவிடுகிற அவமானத்துக்குத்தான் எங்கள் பக்கம் குணுக்கு என்று பேர். அந்தக் காலத்தில் பிலாவிலையை ஈர்க்கிலில் கோத்து மாட்டுவோம். பிறகு துணி காயப்போடுகிற கிளிப் வந்தது. கிளிப் வலிக்கும். அதனாலேயே ஜெயித்தவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

மைனி என் அண்ணன் மனைவி. ஆண்கள் கடலுக்குப் போய்விட்ட உச்சை நேரங்களில், கடியப்பட்டணத்துப் பூவரச மரத்தடியில் நாங்கள் சீட்டும் கையுமாகக் கிடந்த காலம் எப்பேர்ப்பட்ட காலம்! அவளும் நானும் எப்போதும் ஒரே கட்சி. நான் மூஞ்சியைப் பார்த்து ஆடுகிறவள். எதிரில் இருப்பவளுக்கு நல்ல சீட்டு வந்தால் மூக்கு விடைக்கும், எனக்குத் தெரிந்துவிடும். மைனி யார் மூஞ்சியையும் பார்க்கமாட்டாள். விழுந்த சீட்டெல்லாம் அவள் தலைக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மிச்சம் எது யார் கையில் என்று, கறிக்கு உப்புப் போதுமா என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வாள். எனக்கு இருந்தது சாமர்த்தியம், அவளுக்கு இருந்ததுதான் மூளை. இதை அவளிடம் சொல்லி அவளுக்குத் தலைக்கனம் ஏற்றிவிட நான் தயாராக இல்லை.

மற்ற கட்சிக்காரிகள் சைகை வைத்திருந்தார்கள். மூக்கைத் தொட்டால் கிளாவர், கம்மலைத் தொட்டால் ஆட்டின். ஊருக்கே தெரிந்த திருட்டு. மைனிக்கு மட்டும் அது ஆகாது. "தலைய வச்சு களிக்கணும் ஏட்டி, மூக்க வச்சு இல்ல" என்பாள்.

இப்போது அந்தத் தலைக்குத்தான் சோதனை வந்தது. அண்ணன் இறந்துபோனதிலிருந்து தனியாக இருக்கிறவள், அடுப்பில் வைத்த கறியை மறந்துவிட்டாள், வீடெல்லாம் புகை. பெங்களூரிலிருந்து மகன் டெல்வின் காரோடு வந்து நின்றான். வீட்டைப் பூட்டிவிட்டு அம்மையைக் கூட்டிப் போகப்போகிறானாம். மைனி வரமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அவளை டாக்டரிடம் காட்டினான். அவர் என்னென்னவோ கேட்டார், பாதிக்குத்தான் பதில் சொன்னாளாம். எனக்கு வந்ததே கோபம்!

"ஏலே, உனக்க அம்மைக்க புத்திய டாக்டரா அளக்கப் போறான்? சீட்ட எடுலே. அவ ஜெயிச்சா நீ வாய மூடிட்டு தனியா வண்டியேறணும்."

"தோத்தா, மாமி?"

நான் வாயைத் திறப்பதற்குள் மைனி சொன்னாள்: "தோத்தா நான் வாறேன்."

பக்கத்து வீட்டுச் சிலுவைதாசனை டெல்வின் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டான். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். கட்சிக்கு ஒரு ஆட்டம் ஜெயித்து, சரிக்குச் சரியாகப் போனது. மைனி சீட்டை விசிறியாக விரித்துப் பிடித்த அழகைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தப்பித்தோம் என்றே நினைத்தேன்.

கடைசி ஆட்டம். துருப்பெல்லாம் தீர்ந்து, ஆளுக்கு இரண்டு சீட்டுதான் மிச்சம். மைனி இறக்கவேண்டும். இந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரிய சீட்டு, கிளாவர் ஜாக்கி என் கையில் இருந்தது. அவள் கிளாவரை இறக்கினால் ஜெயித்தோம், மற்றதை இறக்கினால் தொலைந்தோம். பழைய மைனியாக இருந்தால் விழுந்ததை வைத்தே என் கையைக் கண்டுபிடித்திருப்பாள். இப்போது ஒரு சீட்டைத் தொட்டாள், விட்டாள். மற்றதைத் தொட்டாள். எத்தனையோ மூஞ்சிகளைப் படித்த நான், அவள் மூஞ்சியை அன்றுதான் முதல்தடவையாகப் படித்தேன். திருவிழாக் கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளையின் முகம் அது.

என் கை தானாக மூக்குக்குப் போனது.

டெல்வின் பார்க்கவில்லை. சிலுவைதாசன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். மைனி பார்த்துவிட்டாள். பார்த்தவள் கிளாவரை இறக்கவில்லை, இரண்டு சீட்டையும் மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"கள்ளக்களியா, பிலோமி?"

"மூக்கு அரிச்சுது, மைனி."

"இத்தன வருசம் அரிக்காத மூக்கா?" என்று சிரித்தாள். கோபமே இல்லை. "ஏட்டி, நீ எனக்கு சைகை காட்டினேன்னா, எனக்கு ஒண்ணும் தெரியல்லன்னு நீ கண்டாச்சு. உனக்க கண்ணு மூஞ்சிய தப்பா படிக்காது. பொறவு டாக்டர் எதுக்கு?"

இவளுக்கா புத்தி போயிற்று? விழுந்த சீட்டு மறந்துவிட்டது, சரி. என் ஒற்றை விரலை வைத்துத் தன்னையே கணக்குப் போட்டுவிட்டாளே! அதை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்ல?

மைனி எழுந்துபோய்க் கொடியிலிருந்து இரண்டு கிளிப் எடுத்து வந்தாள். கள்ளக்களிக்கு ஒன்றை என் காதில் மாட்டினாள். இன்னொன்றைத் தன் காதில் மாட்டிக்கொண்டு மகன் பக்கம் திரும்பினாள்.

"மக்கா, எப்பம் பொறப்படணும்?"

"அம்மா, ஆட்டம் இன்னும் முடியல்லியே" என்றான் டெல்வின். கையிலிருந்த சீட்டை அவன் கீழே வைக்கவில்லை.

"முடிஞ்சு, மக்கா."

வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிட்டார்கள். வண்டி கோயில் வளைவில் திரும்பும்போது மைனி தலையை வெளியே நீட்டி, நான் ஏமாற்றாமல் கிளிப்போடு நிற்கிறேனா என்று பார்த்தாள். நின்றேன். அவள் காதிலும் அது இருந்தது. கிளிப் வலிக்கும் என்று சொன்னேனல்லவா, வீட்டுக்குள் வந்த பிறகும் எனக்கு அதைக் கழற்ற மனம் வரவில்லை.