முக்கால் அங்குலம்

தபால்காரர் தம் நாற்பத்தொன்றாம் வயதில் இரண்டு அங்குலம் வளர்ந்ததற்குக் காரணம், சைக்கிள் ஃபிரேம் பட்டறையில் நேர்ந்த ஓர் அளவுப் பிழை. அங்கே அளவெடுக்கும் பெண்ணின் கணவர் தண்ணீர்த் தொட்டியின் ஏணியிலிருந்து விழுந்து இடது காலை முறித்துக்கொண்ட நாள் அது. அவள் கை பட்டறையிலும் மனம் ஆஸ்பத்திரியிலும் இருந்ததால், அளவுச் சீட்டில் தபால்காரரின் கால் நீளம் முப்பது அங்குலம் என்பதை முப்பத்திரண்டு என்று எழுதிவிட்டாள். தபால்காரர் முதல் மாதம் நுனிக்காலால் மிதித்தார். இரண்டாம் மாதம் பாதம் பதிந்தது. மூன்றாம் மாதம் கால்சட்டையின் மடிப்பைப் பிரித்துத் தைக்கக் கொடுத்தார். வேலை போய்விடும் என்றிருந்தவளிடம் அவர் நன்றி சொல்லத்தான் வந்தார். மேல்தட்டுக் கடிதங்களை எடுக்க இனி ஸ்டூல் வேண்டாமாம். முதலாளி சீட்டை ஒருமுறையும் ஆளை ஒருமுறையும் பார்த்தார். "ஃபிரேம் சரியாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த ஈராண்டுகளில் தப்பான அளவு கேட்டுப் பலர் வந்தார்கள். கேட்டபடி எழுதிக் கொடுத்ததில் எவரும் வளரவில்லை; முதுகுவலி வந்ததுதான் மிச்சம். அறியாமல் எழுதிய பிழை மட்டுமே பலிக்கும் என்பது இவ்வாறு தெரியவந்தது.

கணவரின் எலும்பு கூடியது, ஆனால் கால் முக்கால் அங்குலம் குட்டையாகிவிட்டது. அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு வார்த்தை பேசாமல் நகராதவர். இடுப்புவலி ஏறிக்கொண்டே போயிற்று. ஆண்டிறுதி மருத்துவச் சோதனையில் தேறாவிட்டால், ஜன்னலில்லாத சாமான் அறையில் நாற்காலி போட்டுவிடுவதாக அலுவலகம் சொல்லிவிட்டது. சைக்கிள் இருந்தால் நடை குறையும். ஆயினும் மனைவி அவரை அளக்க மறுத்துவந்தாள். சரியாக அளந்துவிட்டால் கால் அந்த அளவிலேயே நின்றுவிடும். அளக்காதவரை நம்பிக்கைக்கு இடமிருந்தது. தன் கையோ இனிப் பிசகாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

உடன் வேலை செய்தவர்கள் அவளைப் பிழை செய்யப் பழக்க முயன்றார்கள். யாரையாவது அவள் அளக்கும்போது பெயிண்டர் ஊர்வம்பு பேசினார். குழாய்களைப் பற்றவைப்பவர் காதருகே வேறு வேறு எண்களை முணுமுணுத்தார். அளவு நூலளவும் மாறவில்லை.

"ஸ்கேலக்கா, உன்னை ஒரே ஒரு தப்பு பண்ண வைக்கிறதுக்குள்ள எங்க உயிர் போயிடும் போலிருக்கு" என்றார் பெயிண்டர்.

"உனக்கு யாருப்பா கத்துக்கொடுத்தா? தானாத்தானே வருது?" என்றாள் அவள்.

சோதனைக்கு நான்கு மாதங்களே இருந்தபோது அவள் நம்பிக்கையை விட்டுவிட்டுக் கணவரை அழைத்து வந்தாள். "ஒழுங்கா அளந்துடறேன். இடது பெடல்ல கட்டை வைக்கணும், எவ்வளவு உயரம்னு சீட்டுல பார்த்துக்குங்க" என்றாள். முதுகு, தோள், கை, உள்ளங்கை என்று பதினெட்டு அளவுகளை அவள் எடுத்த பக்குவத்தைப் பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. கணவர் அதற்குள் யார் வீட்டு மீட்டர் ஓடவில்லை என்பதைப் பற்றவைப்பவரிடம் சொல்லி முடித்திருந்தார்.

சீட்டைப் படித்த பற்றவைப்பவர் அதைப் பெயிண்டருக்கு மட்டும் காட்டிவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வலது கால், இடது கால் என்ற இரு கட்டங்களிலும் ஒரே எண் இருந்தது. எல்லோருக்கும் ஒரு காலை அளந்து இரண்டு கட்டங்களையும் நிரப்புவது அவள் கைக்குப் பழகிய வேலை. அன்றும் கை அதையே செய்திருந்தது. அவளிடம் சொன்னால் திருத்திவிடுவாள். ஃபிரேம் முடியப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அந்தப் பத்தொன்பது நாளும் பெயிண்டர், வாழ்வில் முதன்முறையாக, ஒரு விஷயத்தைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அதில் அவருக்கு மூன்று கிலோ குறைந்தது.

முடிந்த சைக்கிளை வெளியே உருட்டி வந்ததும் அவள் பெடலைத்தான் பார்த்தாள்.

"கட்டை எங்கே?"

"சீட்டுல கட்டைக்கு இடமே இல்லையேக்கா" என்று பற்றவைப்பவர் சீட்டை நீட்டினார்.

அவள் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு பக்கத்திலிருந்த பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். "அளக்கிறப்ப இவர் கால் குட்டைங்கிறதே எனக்கு ஞாபகம் வரலை" என்றாள் மெல்ல.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவ எங்கிட்ட கண்டுபிடிக்காத ஒரே குறை இதுதான்" என்றார் கணவர். ஏறி உட்கார்ந்து, இடது நுனிக்காலால் மிதித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

அந்தப் பட்டறையில் அவள் மேலும் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தாள். அவர்கள் பேசாமலிருந்ததற்கு நன்றி சொல்லப் பலமுறை வாயெடுத்தாள். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அவசரமாக அரத்தைத் தேடத் தொடங்கினார்.

அந்த ஆண்டிறுதிச் சோதனையில் மருத்துவர் கணவரின் இரண்டு கால்களையும் இரண்டு முறை அளந்தார். சைக்கிள் எங்கே செய்தது என்று மட்டும் கேட்டுக்கொண்டு, தெரு வேலைக்குத் தகுதி என்று எழுதினார்.