சுலோச்சனா டீச்சர் வீட்டு ஸ்டூல்

"போன வாரம் ஏத்தி வச்சத யாரு டீச்சர் எறக்குனா?"

சொர்ணத்தின் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்த எனக்கே கேட்டது. சர்க்கரை கடன் கேட்கிற சாக்கில் உள்ளே போனேன்.

"தூசி தட்டும்போது சுத்தியிருக்கும்மா," என்றாள் சுலோச்சனா டீச்சர்.

"வாரா வாரம் சுத்துமோ?"

சொர்ணத்தின் புருஷனுக்குப் பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை. மகள் தங்கத்துக்கு எட்டு வயது. அடுத்த மாதம் பியானோவில் லண்டன் பரீட்சை. முழங்கை பியானோக் கட்டைகளின் மட்டத்துக்கு வரவேண்டும், தாழ்ந்தால் விரல் படுத்துவிடும். அதற்காக டீச்சர் அந்தத் திருகு ஸ்டூலை ஏற்றி, காலுக்குப் பலகை போட்டு, உயரம் பார்த்து வைப்பாள். மறுவாரம் போனால் இறங்கிக் கிடக்கும். துருப்பிடித்த திருகை மறுபடி ஏற்றுவதிலேயே பாதிப் பாடம் போய்விடும்.

"வக்கீல் வீட்டு ரத்னாவும் பரீட்சை எழுதுதால்லா? அவ அம்மா வேலதான்க்கா," என்றாள் சொர்ணம் வாசலில்.

எனக்கு அப்படிப் படவில்லை. ரத்னா தங்கத்தைவிடக் குள்ளம். அவளுக்கு இன்னும் ஏற்றத்தான் வேண்டும். இறக்கியது ஒரு நெட்டைக்கால்.

அடுத்த புதன்கிழமை, பாடம் முடிந்ததும் சொர்ணம் ஸ்டூல் விளிம்பின் அடியில், கைபிடித்துச் சுற்றுகிற இடத்தில், எண்ணெயில் குழைத்த குங்குமத்தைத் தடவினாள். அரைமணி கழித்து, மறந்த குடையை எடுக்கவென்று திரும்பினாள். நானும் துணைக்குப் போனேன்.

ஸ்டூல் இறங்கியிருந்தது. அதன்மேல் ஆறடி தனபாலன், பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர். எங்கள் வீட்டு வீணைக்கே வருஷத்துக்கு ஒருமுறைதான் ஆள் வருவார். டீச்சரின் வெள்ளைச் சேலையில், தோளில், சிவப்பாக ஐந்து விரல்.

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. இது வெளியே போனால் எந்த அம்மா பெண்ணை அனுப்புவாள்?

சொர்ணம் தோளைப் பார்த்தாள், ஸ்டூலைப் பார்த்தாள். "எண்ணெக் கறை, உடனே நனைச்சிருங்க டீச்சர்," என்றாள். தனபாலனிடம், "நீங்க போறப்ப எம்புள்ள உசரத்துக்கு ஏத்தி வச்சுட்டுப் போங்கண்ணே. அது போதும்."

தெருவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. எப்படியென்று என்னைக் கேட்டால்? ரத்னாவை நிறுத்திவிட்டார்கள், இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். தங்கம் நிற்கவில்லை. பாஸும் பண்ணினாள்.

அந்த வைகாசியில் டீச்சரும் தனபாலனும் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டு, பியானோவை மாட்டுவண்டியில் ஏற்றித் திருவான்மியூருக்குப் போனார்கள். சொர்ணம் மகளை பஸ்ஸில் அங்கேயே அழைத்துப் போகிறாள். அந்த வீட்டில் இப்போது ஸ்டூல் இரண்டாம்.