பதினேழுக்கு எதிரே

திரையில் பதினேழாம் எண்ணின் நீலம் சாம்பல் நிறமாகி, அதற்கு எதிரே ‘முடிந்தது’ என்று வந்தபோது அவள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். பதினேழு அவள் கணவன்.

புற்றுநோய்ப் பிரிவில் அந்தத் திரையை மாட்டி அன்றுதான் முதல் நாள். அதற்கு முன்பெல்லாம் கூட வந்தவர்கள் மருந்து ஏற்றும் அறையின் கதவை மொய்த்துக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்து நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். இப்போது ஆற அமர நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கு மருந்து கலக்குகிறார்கள், யாருக்கு ஏறிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? ஆனால் போன தடவை மருந்து ஏறும்போதே அவருக்கு மூச்சுத் திணறி, டாக்டர்கள் ஓடி வந்தார்கள். ஆகவே ‘முடிந்தது’ என்றால் என்னவென்று அவள் யாரையும் கேட்கவில்லை.

வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். அடுத்ததையும் எடுத்துத் தின்றாள். கொழுந்தனுக்குச் சொன்னால் ஊரைக் கூட்டுவான், அவன் பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டும் என்று யோசித்தாள். கொடியில் அவருடைய இரண்டு சட்டைகள் காய்கின்றன, அவற்றை இனி மடிப்பதா வேண்டாமா? இனிமேல் வாந்தி வாளி கழுவ வேண்டாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. பாவி மனசு! அதற்காவது சுருக்கென்று வலிக்கக் கூடாதா? வலிக்கவில்லை. கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

கதவு திறந்தது. “பதினேழோட வந்தவங்க யாரு?” என்றாள் நர்ஸ். “எவ்ளோ நேரமா முடிஞ்சு உக்காந்திருக்காரு! வந்து கூட்டிட்டுப் போக மாட்டீங்களா? அதான் போர்டுல போட்டிருக்கே?”

அவள் எழுந்தாள். கால் நடந்தது. உள்ளே அவர் புறங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, முகமெல்லாம் கடுகடுப்பாக உட்கார்ந்திருந்தார்.

“எங்க போய்த் தொலஞ்ச?”

“முடிந்ததுன்னு போட்டிருந்துச்சு.”

“ஆமா, முடிஞ்சுது. அதுக்கென்ன?” என்றவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

“சிஸ்டர், அந்த வார்த்தைய மாத்துங்க,” என்றாள் அவள்.

“எதையாவது போட்டாகணுமேக்கா. ‘போய் வாங்க’ன்னு போட்டா, மறுபடி இங்கயே வரச் சொல்றியான்னு சண்டைக்கு வருவாங்க,” என்றாள் நர்ஸ். ஆனாலும் யாரையோ தேடிப் போனாள்.

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “அழுதியா?”

“இல்ல.”

“ஒரு சொட்டு கூடவா?”

“பிஸ்கட் தின்னுட்டிருந்தேன். நிறுத்தவே இல்ல. தின்னுக்கிட்டே இருந்தேன்.”

அவர் பஞ்சை எடுத்துப் பார்த்தார், ரத்தம் நின்றிருந்தது. நாக்கு செத்துப்போச்சு என்று ஒரு வாரமாகக் கஞ்சியைக்கூட ஒதுக்கித் தள்ளிய மனுஷன்.

“மிச்சம் இருக்கா?”

பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து உதறினாள். அவள் உள்ளங்கையில் தூள்தான் விழுந்தது. அவர் விரல் நுனியை எச்சிலில் நனைத்து, அதை ஒற்றி ஒற்றி எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். திறந்திருந்த கதவு வழியாகத் திரை தெரிந்தது. பதினேழு மறைந்து, கீழே இருந்த எண்களெல்லாம் ஒரு வரி மேலே ஏறின.