பாஞ்சாலி அடித்துத் திருத்திய படிவம்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. அமிர்தியிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செந்தாமரை டீச்சர் சொன்னது. ஜவ்வாது மலையில், வெளிநாட்டுப் பிள்ளைகளும் தங்கிப் படித்த ஒரு பள்ளி. யார் எந்தக் கல்லூரிக்குப் போகலாம் என்று வழிகாட்டுவது அங்கே அவர் வேலை. வருடம் 1982. முதலில் இப்படித் தொடங்கினேன்:

மலைமேல் மேகம் கவிந்திருந்த ஒரு...

வேண்டாம். மேகத்துக்கு இதில் வேலையில்லை.

2

லண்டனுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு நடுவே, கட்டணமில்லாமல் படித்த மலைக்காரப் பெண் பாஞ்சாலி. மற்றவர்களிடம் "என்ன படிக்க ஆசை?" என்று கேட்ட டீச்சர் இவளிடம் கேட்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் ஆசிரியர் பயிற்சி என்று தானே நிரப்பி, கையெழுத்துக்கு நீட்டினார்.

(இதைச் சொல்லும்போது டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் முதல் பிரதியில் இதை மறைத்து அவரை நல்லவராக்கியிருந்தேன். பொய்யாக இருந்தது.)

பாஞ்சாலி படித்தாள். பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தாள்.

"இன்னா பண்றே?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா டீச்சர்? எனக்கு மாட்டு டாக்டர் படிப்பு வேணும்."

"மெட்ராஸ்ல இன்டர்வியூ வைப்பாங்க. கெடைக்கலைன்னா ஒரு வருசம் வீணாப் போய்டும்."

"போவட்டும். என் வருசந்தானே?"

3

டீச்சருக்குக் கோபம் வந்தது, அப்புறம் வெட்கம். பரிந்துரைக் கடிதம் எழுத உட்கார்ந்தார். 'அடக்கமான பெண்' என்று எழுதி அடித்தார். 'ஏழைக் குடும்பத்து' என்று எழுதி அதையும் அடித்தார். (இந்த இடத்தில் நானும் நாலு வாக்கியம் அடித்தேன்.) கடைசியில் நின்றது இதுதான்: 'தவறென்று பட்டால் என்னிடமே சொல்வாள். உங்களிடமும் சொல்வாள்.'

4

சொன்னாள். வயிறு உப்பிய மாட்டுக்கு என்ன செய்வாய் என்று இன்டர்வியூவில் ஆங்கிலத்தில் கேட்டார்கள். கேள்வி புரிந்தது, பதில் அந்த மொழியில் வரவில்லை.

"தமிழ்ல சொல்லட்டுங்களா?"

"சொல்லும்மா."

"மேட்டுப் பக்கம் தலைய வெச்சு நிக்க வெப்போம். எண்ணெய் ஊத்துவோம்."

"நாக்கை இழுத்துப் பிடித்துத்தானே?" பெரியவர் ஒருவர் சோதித்தார்.

"கூடாதுங்க ஐயா. முழுங்க முடியாம புரையேறிடும். எங்க வூட்டு மாடு அப்படித்தான் செத்துது. நான்தான் நாக்கப் புடிச்சிருந்தேன்."

பிறகு அந்தப் பெரியவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

5

இடம் கிடைத்தது! டீச்சர் அவள் ஊருக்கு மலையேறிப் போய்க் கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டினார். பாஞ்சாலியின் அம்மா குப்பம்மாள் மூன்று முறை படிக்கச் சொன்னாள். நான்காவது முறை கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வீடு வீடாக ஓடினாள். "எம் பொண்ணு டாக்டருக்குப் போறா!"

6

முடிவுக்கு வந்தாகிவிட்டது. ஸ்டெதஸ்கோப்போடு அவளை இதே மலைக்குத் திருப்பிக் கொண்டுவரலாம். பஞ்சாபுக்கோ பம்பாய்க்கோ அனுப்பலாம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.

ஆனால் கல்லூரிக்குப் போக அவள் பஸ் ஏறும்போது டீச்சர் கேட்டிருக்கிறார்: "படிச்சுட்டு இங்கதானே வருவே?"

படிக்கட்டில் நின்றபடி பாஞ்சாலி சிரித்திருக்கிறாள். "பாத்தீங்களா டீச்சர், மறுபடியும் நீங்களே நிரப்புறீங்க!"

அதனால் நான் நிரப்பவில்லை. நீங்களும் தயவுசெய்து பேனாவைக் கீழே வையுங்கள்.