திருந்தியவர் பேசுகிறார்

கணக்கு டீச்சருக்கு எழுத வரும். வந்த வினையே அதுதான். மொழிப்பாட வாத்தியார் எழுத உட்கார்ந்தால் உவமையிலேயே காகிதம் தீர்ந்துவிடும். தலைமையாசிரியர் எழுதினால் மூன்றாவது வரியில் தன்னுடைய சேவைக்காலத்தைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். அதனால் எந்த அறக்கட்டளை பள்ளிக்கூடங்களுக்கு நிதி தருகிறது என்று தேடிப் பிடித்து விண்ணப்பம் போடுகிற வேலை டீச்சர் தலையில் விழுந்தது. கிடைத்தால் பெயர் சாருக்கு, கிடைக்காவிட்டால் பெயர் எனக்கு என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பள்ளிக்கூடம் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை. பள்ளிக்குப் பின்னால் மூன்று அறைகள் வரிசையாக இருந்தன. கதவு கிடையாது, தண்ணீர் கிடையாது, தரை வெடித்துக் கிடந்தது. பிள்ளைகள் காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால் பிறகு சாயங்காலம் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். மாதத்தில் சில நாட்கள் வகுப்புக்கே வரமாட்டார்கள். வளர்ந்த பெண்கள் சிலர் ஒரேயடியாக நின்றும்விட்டார்கள். கரும்பலகையில் கணக்குப் போட வந்த பெண் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வியர்த்துப்போய் நின்றதை டீச்சர் கண்ணால் பார்த்திருக்கிறாள். அந்த வேதனையில் பொய் எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு அவளை ஏமாற்றுக்காரி என்று முடிவுகட்டிவிடுவீர்கள். எல்லாம் கேட்ட பிறகும் அப்படியே முடிவுகட்டினால் நான் தடுக்கப்போவதில்லை.

முதல் இரண்டு விண்ணப்பங்களிலும் உள்ளதை உள்ளபடி எழுதினாள். இரண்டும் திரும்பி வந்தன. ஓர் அலுவலகத்தில் இரக்கப்பட்ட ஒருவர் தொலைபேசியில் விளக்கினார். எல்லாப் பள்ளியிலும் இதே நிலைமைதான், உங்களை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு உங்கள் விண்ணப்பத்தில் ஒன்றுமே இல்லை என்றார். டீச்சர் கெட்டிக்காரி, பிடித்துக்கொண்டாள். மூன்றாவது விண்ணப்பத்தில் பயன்படுத்தத்தக்க கழிப்பறை ஒன்றுகூட இல்லை என்று எழுதினாள். பெற்றோர் அன்றாடம் உழைத்தால்தான் சாப்பாடு, பள்ளியின் பக்கம் எட்டிப்பார்க்கக்கூட அவர்களால் முடிவதில்லை என்றும் சேர்த்தாள். படித்துப் பார்த்தபோது அவளுக்கே கண் கலங்கியது. நேரில் வந்து பார்க்கிறோம் என்று அறக்கட்டளையிலிருந்து பதில் வந்தது.

விருந்தாளி வருகிற செய்தி வெளியே போனதுதான் வம்பு.

டீச்சரின் தம்பி கொத்தனார். அவன் மகள் அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தாள். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் நாலு இடத்தைச் சுத்தம் செய்து வைப்போமில்லையா, அவன் அப்படித்தான் நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை இன்னும் சில அப்பாக்களைக் கூட்டிக்கொண்டு வந்து மூன்று அறைகளில் மூன்றாவதைச் சரிசெய்துவிட்டான். வேலை செய்த இடங்களில் மிஞ்சிய டைல்ஸ், பாதி மூட்டை சிமெண்ட், யாரோ வீட்டை இடித்தபோது கேட்டு வாங்கி வைத்திருந்த கதவு. ஒரு சுவர் நீலம், ஒரு சுவர் பச்சை, தரையில் பூப்போட்டது. உள்பக்கம் தாழ்ப்பாள், எட்டுகிற உயரத்தில் குழாய், பை மாட்ட ஒரு கொக்கி. கொக்கி மகள் கேட்டதாம். திங்கட்கிழமை பார்த்து அசந்துபோகட்டும் என்று அக்காவிடம் மூச்சுவிடவில்லை.

அசந்துதான் போனாள். காலை இடைவேளையில் பின்பக்கம் பெண்கள் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி மகள் பள்ளிக்கூடம் என்பதையும் மறந்து ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

“அத்தை, உள்ள தாழ்ப்பாள் இருக்கு. நீயும் போய்ப் பாரேன்.”

டீச்சருக்கு முதலில் ஞாபகம் வந்தது பிள்ளைகள் அல்ல, ‘ஒன்றுகூட இல்லை’ என்று தான் எழுதியிருந்த வரி. அந்த நினைப்புக்காக அவள் அப்போதே வெட்கப்பட்டிருக்கலாம். படவில்லை, சேர்த்துவைத்து அப்புறம் பட்டாள்.

தலைமையாசிரியர் வந்து பார்த்துவிட்டு, உங்கள் தம்பி நமக்கு நல்லா ஆப்பு வைத்துவிட்டார் என்றார். பூட்டிவிடலாமா என்று கேட்டார். திறக்கச் சொல்வார்கள் என்றாள் டீச்சர். அப்படியென்றால் உண்மையைச் சொல்லிவிடலாமே, ஒன்றைப் பெற்றோர் சரிசெய்தார்கள், மற்றதற்கு உதவுங்கள் என்று கேட்கலாமே என்றார். நல்ல யோசனை. அந்த மனிதர் தன் சேவைக்காலத்தில் சொன்ன ஒரே நல்ல யோசனை அதுவாகக்கூட இருக்கலாம். ஆனால் இரண்டு முறை அடிபட்டவளுக்கு அது பிடிபடவில்லை. மீதியையும் அவர்களே கட்டிக்கொள்ளட்டும் என்று கையை விரித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அப்போது நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இந்த வாக்கியத்தை வேலையில் சேரும்போதே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

சாயங்காலம் டீச்சர் தம்பி வீட்டுக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னதும் அவன் கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து அவன் முகம் மாறியது.

“வேலை சரியில்லையாக்கா? தரையில தண்ணி நிக்குதா?”

வேலை அருமையாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை என்று அவள் விளக்கினாள். அறக்கட்டளை கொடுத்தால் ஐந்து அறை, மேலே தொட்டி, ஒவ்வொன்றிலும் தண்ணீர். இந்த ஒன்று கண்ணில் பட்டால் அந்த ஐந்தும் போய்விடும். அவன் பொறுமையாகக் கேட்டான். இதை உடைத்தால் அது கிடைக்குமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். கிடைக்கும் என்றாள்.

மறுநாள் பள்ளி விட்ட பிறகு சுத்தியலோடு வந்தான். வந்தவன் ஒரு நிபந்தனை போட்டான்.

“எதை உடைக்கணும்னு நீ காட்டு. நானா கை வைக்க மாட்டேன்.”

அவள் விரலை நீட்டி நீட்டிக் காட்டினாள். கதவு, குழாய், நீலச் சுவர். அவன் கதவை அலுங்காமல் கழற்றப் போனபோது, அப்படிச் செய்தால் கழற்றினது தெரியும், பிய்த்தெடு என்றாள். இந்த நுணுக்கமெல்லாம் தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே புரியவில்லை. தம்பி மகள் மதிலோரம் புத்தகப் பையோடு நின்று, முழுவதையும் பார்த்தாள். கடைசியில் கொக்கியையும் காட்ட வேண்டியிருந்தது. அதை அவன் உடைக்கவில்லை, திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வியாழக்கிழமை அறக்கட்டளையிலிருந்து ஒரு மேடம் வந்தார். படாடோபம் இல்லாத மனுஷி. வேனில் வந்து இறங்கியதும் நேராகப் பின்பக்கம்தான் போனார். பெற்றோர் சார்பில் யாராவது இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் தலைமையாசிரியர் கொத்தனாரையே நிறுத்திவைத்திருந்தார். வகுப்புச் சார்பில் மகள் நின்றாள். டீச்சரின் உறவு என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

மேடம் மூன்றாவது அறைக்குள் எட்டிப்பார்த்தார். சுவரைத் தடவினார். சிமெண்ட் புதிதாக இருக்கிறதே, யாரோ கட்டி உடனே உடைத்த மாதிரி இருக்கிறதே என்றார்.

டீச்சர் வாய் தானாகத் திறந்தது.

“நாங்க எதைச் சரி பண்ணி வச்சாலும் குடிகாரங்க ராத்திரி வந்து உடைச்சிடறாங்க மேடம். யாருக்கும் அக்கறை கிடையாது.”

சொன்ன பிறகுதான் தம்பி பக்கத்தில் நிற்பது உறைத்தது. அவர்களுடைய அப்பா குடித்தே போனவர். அந்த வாடை பட்டாலே தம்பிக்குக் குமட்டும். வேலைக்கு ஆள் சேர்க்கும்போதுகூட குடிப்பவன் என்றால் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் வேண்டாம் என்றுவிடுவான்.

மேடம் கையிலிருந்த அளவு டேப்பைச் சுருட்டி மூடினார். உடைப்பவர்கள் யார் என்று தெரியாமல் ஐந்து அறை கட்டிக்கொடுத்து என்ன பயன், அதையும்தானே உடைப்பார்கள் என்று கேட்டார். போலீஸில் சொன்னீர்களா என்றார். தலைமையாசிரியர் டீச்சரைப் பார்த்தார், டீச்சர் தரையைப் பார்த்தாள். வேறு பள்ளிகளும் வரிசையில் இருக்கின்றன, யோசித்துச் சொல்கிறோம் என்று மேடம் வேன் பக்கம் திரும்பினார். யோசிப்பது என்றால் என்ன என்று இரண்டு முறை அனுபவப்பட்ட டீச்சருக்குத் தெரியும். போச்சு என்று அவள் நினைத்த அந்த நொடியில் தம்பி ஓரடி முன்னால் வந்தான்.

“நான்தாங்க உடைச்சேன். அன்னிக்குக் கொஞ்சம் போதையில இருந்தேன். இனிமே நடக்காது. கட்டிக் குடுங்க, நானே காவல் இருக்கேன்.”

மேடம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒரு பெண், இதோ என்று மகளைக் காட்டினான். மேடத்தின் குரல் இளகியது. பெற்ற பெண் படிக்கிற இடத்தில் இப்படிச் செய்யலாமா, நாளைக்கு அவள் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா என்று நிறுத்தி நிதானமாக அறிவுரை சொன்னார். அவன் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றான். மகள் முகம் கன்றிப்போய் நின்றாள்.

அந்த அறிவுரை முடிகிற வரைக்கும் டீச்சர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இவன் என் தம்பி, இவன் கட்டினான், நான் உடைக்கச் சொன்னேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஐந்து அறையும் கூடவே வந்து தொண்டையில் நின்றுகொண்டது.

இந்த மாதிரிச் செய்தி நிற்காது. என்ன மேஸ்திரி, எப்போது குடிக்கப் பழகினீர்கள் என்று சாமான் கடையில் கேட்டார்கள். பேசிவைத்திருந்த ஒரு வீட்டுக்காரர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். மகள் வேறு தெரு வழியாகப் பள்ளிக்கு வந்தாள். டீச்சர் தம்பி வீட்டுப் பக்கமே போகவில்லை. வேலை அதிகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து மேடமே தொலைபேசியில் கூப்பிட்டார். நிதி முடிவாகிவிட்டது. தலைமையாசிரியர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைதட்டினார். டீச்சருக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் மேடம் இன்னும் முடிக்கவில்லை. குழுவில் எல்லோரையும் உருக்கியது அந்த அப்பாதானாம். இவ்வளவு பேர் முன்னால் தப்பை ஒத்துக்கொள்கிற மனிதனை எங்கே பார்க்க முடியும் என்றார்களாம். பணத்தை மேடையில் கொடுக்கிற அன்றைக்கு அவர் இரண்டு நிமிடம் பேச வேண்டும். எப்படிக் குடித்தேன், எப்படித் திருந்தினேன் என்று. நிகழ்ச்சி நிரலில் போட்டாகிவிட்டது: திருந்தியவர் பேசுகிறார். அவர் பேசுவதைத்தான் மற்ற பள்ளிகளுக்கும் காட்டப்போகிறார்களாம்.

ரெண்டு நிமிஷம்தானேம்மா என்றார் தலைமையாசிரியர்.

தம்பி வீட்டில் அவனுடைய மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். வாங்கண்ணி என்றாள், மெஷினை நிறுத்தவில்லை. மகள் மூலையில் படித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. தம்பி மட்டும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். கிடைத்துவிட்டது என்றதும் அவன் முகம் நிஜமாகவே மலர்ந்தது. ஐந்துமா என்று கேட்டான். ஐந்தும்தான் என்றாள்.

மீதியையும் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மெஷின் நின்றுவிட்டது.

“நான் மேடத்துக்கிட்ட உண்மையைச் சொல்லிடறேண்டா. உனக்கு இது வேணாம்.”

“சொன்னா பணம் வருமா?”

அவன் தன்னுடைய கைகளைப் பார்த்தான். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, சங்கடமாகச் சிரித்தான்.

“எனக்கு அதெல்லாம் பழக்கமில்லையேக்கா. எப்பலேர்ந்து குடிச்சேன்னு கேட்டா என்ன சொல்றது? விட்டு எவ்வளவு நாளாச்சுன்னு சொல்லட்டும்?”

வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். தம்பி மகள் இப்போது நிமிர்ந்து அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் டீச்சர் தம்பி பக்கம் திரும்பினாள். வகுப்பில் விடை சொல்லிக்கொடுக்கிற அதே குரல் வந்தது.

“ரெண்டு மாசம்னு சொல்லு. ரொம்ப நாள்னு சொன்னா நம்ப மாட்டாங்க.”

அவன் சரியென்று தலையாட்டினான். ரெண்டு மாசம், ரெண்டு மாசம் என்று மறந்துவிடாமல் இருக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.