பேனாவுக்கும் தொண்ணூற்றேழு

வெளிச்சத்தையே சொன்ன பேச்சு கேட்க வைக்கத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் மிகக் குறைவு. அவர்களில் ஒருவன் எங்கள் வீட்டின் பின்னறையில், துவைக்காத சட்டைகளுக்கு நடுவே வசித்து வந்தான். அது நான். தற்பெருமை இல்லை; கல்லூரிக் கண்காட்சியில் முதல் பரிசு கொடுத்தவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள்.

பரிசு வாங்கியது விரலில் மாட்டும் ஒரு கிளிப். உள்ளே இரண்டு குட்டி விளக்குகள், பக்கத்தில் ஓர் உணரி. வெளிச்சம் விரலுக்குள் போய்த் திரும்பி வரும். வந்த அளவை வைத்து, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று திரையில் எண் தெரியும். மற்றவர்கள் செய்வது தீப்பெட்டி கனம். என்னுடையது பிஸ்கட் கனம். விளக்குக்கும் உணரிக்கும் நடுவே எல்லோரும் கறுப்பாக ஒரு தடுப்பு வைப்பார்கள், வெளிச்சம் விரலுக்குள் போகாமல் குறுக்கே தாவிவிடக் கூடாது என்று. நான் அதைப் பிடுங்கி எறிந்திருந்தேன். தாவுகிற வெளிச்சத்தைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பது என் கொள்கை.

"தம்பி, உள்ள ஒரு துண்டு கறுப்பு டேப்பாவது ஒட்டுப்பா" என்றார் ஆய்வக உதவியாளர்.

"டேப் ஒட்ட எதுக்குண்ணே நாலு வருஷம் படிக்கணும்? எங்க அக்காவே ஒட்டுவா."

அக்கா உண்மையிலேயே ஒட்டுவாள். பொட்டு வெளிச்சம் கண்ணில் பட்டாலும் அவளுக்குத் தூக்கம் வராது. சார்ஜர், டிவி, ஃபிரிட்ஜ் என்று வீட்டில் மினுக்கிக்கொண்டிருந்த எல்லாவற்றின் வாயையும் கறுப்பு டேப்பால் அடைத்திருந்தாள். நான் அவளை டேப் மகாராணி என்பேன். அவள் என்னை விஞ்ஞானி என்பாள். இரண்டில் எது மோசமான வசவு என்று வீட்டில் கருத்து வேறுபாடு இருந்தது.

அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து, ஐந்தாம் நாள் இருமல் நெஞ்சுக்கு இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் அம்மா. நான் கிளிப்பை மாட்டினேன். தொண்ணூற்றேழு.

"தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருந்தா கவலையே இல்லம்மா."

"மூச்சு வாங்குறாரேடா."

"எல்லாரும்தாம்மா வாங்குறோம். விட்டுட்டு மறுபடி வாங்குறோம்."

அப்பா சிரித்தார். சிரித்ததில் மறுபடி இருமல் வந்தது.

அவர் லாரி எடைமேடையில் எழுத்தர். வண்டி காலி என்று டிரைவர் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாலும், திரையில் வந்த எண்ணைத்தான் எழுதுவார். இப்போதும் அம்மாவிடம், "நம்பர் சொல்லுதுல்ல, விடு" என்றார்.

மறுநாளும் தொண்ணூற்றேழு. அதற்கடுத்த நாள் காலையில் அவரால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை. உதடு ஒரு மாதிரி நிறம் மாறியிருப்பதாக அம்மா சொன்னாள். மாட்டினேன். தொண்ணூற்றேழு. இம்மிகூட அசையவில்லை. என் கருவியின் மன உறுதி எனக்கே பெருமையாக இருந்தது.

அக்கா அதைக் கழற்றிக் கூடத்துக்கு எடுத்துப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து குரல் வந்தது.

"விஞ்ஞானி, இங்க வா. என் பேனாவுக்குத் தொண்ணூத்தேழு. ரொம்ப ஆரோக்கியமா இருக்கு."

கிளிப் பேனாவின் வயிற்றைக் கவ்விக்கொண்டிருந்தது. நல்ல நகைச்சுவைதான். அவளே சிரிக்கவில்லை. அதற்குள் அப்பாவின் செருப்பை எடுத்து அவர் காலடியில் போட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தன் கிளிப்பை மாட்டினார். எழுபத்தொன்பது. அதன் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு.

"இவ்வளவு இறங்குற வரைக்கும் வீட்ல எதுவும் பாக்கலையா?"

"பாத்தோம்மா" என்றார் அப்பா. மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டு மீதியைச் சொன்னார். "என் பையனே... செஞ்ச மெஷினு."

அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் பெருமை இருந்தது.

ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு எல்லாம் புரிந்தது. உணரிக்கு வந்த வெளிச்சத்தில் முக்கால்வாசி, விரல் பக்கமே போகாமல் குறுக்கே தாவியது. செய்தபோது என் விரலை வைத்துத்தான் அளவு பிடித்தேன். எனக்குத் தொண்ணூற்றேழு. ஆகவே, தாவிய வெளிச்சத்துக்கும் அதே பெயரை வைத்துவிட்டேன். மூன்று நாளும் அப்பாவின் விரலில் நான் படித்தது என் உடம்பை.

"ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா நுரையீரலை இவ்வளவு கெட விட்டிருக்க மாட்டோம்" என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

பத்தொன்பது நாள் கழித்து அப்பா வீட்டுக்கு வந்தார், மூக்கில் குழாயோடும் பக்கத்தில் உறுமும் ஓர் ஆக்சிஜன் பெட்டியோடும். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினோரு எட்டு வைக்க வேண்டும். ஆறாவதில் பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். எடைமேடைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

"உன் மெஷினைக் கொண்டாடா. எவ்வளவுன்னு பாப்போம்."

"அது ரிப்பேர்ப்பா."

"நீ... சரி பண்ணிருவ" என்றார். மெஷின் சொன்னது பொய் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவன் நான்.

மதியம் அவர் கண்ணயர்ந்ததும், அக்காவின் மேசை இழுப்பறையைச் சத்தமில்லாமல் திறந்தேன். டேப்பில் நகமளவு வெட்டி, விளக்குக்கும் உணரிக்கும் நடுவே நிறுத்தினேன். பேனாவில் மாட்டினேன். தொண்ணூற்றிரண்டு. இன்னொரு துண்டு. எண்பத்தெட்டு. ஆறாவது துண்டில் எண் போய், திரையில் இரண்டு கோடுகள் மட்டும் நின்றன. கிளிப் தீப்பெட்டி கனத்துக்கு வந்திருந்தது.

"என் டேப்பை யாருடா எடுத்தது?" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

ஓரத்தில் இன்னும் ஊசிமுனையளவு சிவப்பு கசிந்துகொண்டிருந்தது. ஏழாவது துண்டை வெட்டினேன்.